வேகவைத்த எல்லை மண்

என் வீட்டுக்காரர் வருஷம் முழுவதும் நெருப்போடு வேலை செய்கிறவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருக்கிறார். இரும்புச் சாமான்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பலம் ஏற்றுவது அவர் தொழில். அப்படிப்பட்ட மனுஷன் இந்த வருஷம் லீவு போட்டு ஊர் மாரியம்மன் பண்டிகையில் தீச்சட்டி எடுக்கப் போகிறேன் என்றார். கம்பெனியில் பார்க்கிற நெருப்பு போதவில்லையா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பதில் சொல்லாமலே காரியத்தை முடிக்கிற வித்தையில் அவர் தேர்ந்தவர்.

நான் அவருக்கு நேர் எதிர். வேறொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். கையில் எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்ப்பேன், அளந்து பார்ப்பேன், குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்வேன். வீட்டில் தோசைக்கும் அதே கதிதான், மாமியார் வீட்டு மனுஷர்களுக்கும் அதே கதிதான். சாமி விஷயத்தில் நான் நாத்திகி இல்லை. தைப்பூசத்துக்குப் போனால் கும்பிடுவேன், மாத்திரையையும் நேரத்துக்குப் போடுவேன். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கலக்க மாட்டேன், அவ்வளவுதான்.

நான் சாமல்பட்டிப் பக்கத்துக்காரி. அவர் ஊர் பாகலூருக்கு அந்தண்டை, கர்நாடகா கூப்பிடு தூரம். அந்த ஊர் அம்மன் எந்தக் காலத்திலோ தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவளாம். அதனால் பூசாரி அவளிடம் தெலுங்கில்தான் பேசுவார். ஊர்ச் சனம் தமிழில் வேண்டிக்கொள்ளும். பந்தல் போடுகிறவர் கன்னடத்தில் திட்டுவார். அம்மன் மூன்றையும் சமாளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து வலது மணிக்கட்டில் காப்பு கட்டிவிட்டால், பண்டிகை முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்களுக்கு ஆகாது என்பார்கள். ஊரில் பாதிப்பேர் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு இது பெரிய தொல்லையாகிவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பகலில் போய் வரலாம், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஊருக்குள் கால் வைத்துவிட வேண்டும். அம்மன் ஜெனரல் ஷிஃப்டுக்கு ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

ஆக, இவர் காப்பு கட்டிக்கொண்டு ஊரில் தம்பி வீட்டில் தங்கினார். காலையில் பைக்கில் கம்பெனிக்கு வருவார், சாயங்காலம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார். நான் மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் நிம்மதியாக இருந்தேன். எதற்காக வேண்டுதல் என்று ஒருமுறை கேட்டேன். சொன்னால் பலிக்காது என்றார். சரி, பிரமோஷனுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் என் மார்பில் ஒரு கட்டி வந்தது. பெங்களூரில் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் ஆஸ்பத்திரி வராந்தாக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனும் கையுமாக நின்றார். பயப்படாதே என்று ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் அது வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று டாக்டர் சொன்னபோதும், "சரி, டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். அந்த டீயை நான் மன்னிக்கவே இல்லை. சண்டை வரும்போதெல்லாம் அதைச் சூடாக்கி எடுத்து ஊற்றுவேன்.

காப்பு கட்டிய அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், இவருக்கு வயிற்று வலி என்று அவர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. காலையிலிருந்தே வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்துக்கொண்டு பத்து மணிக்கு கேன்டீனில் இட்லி வேறு சாப்பிட்டிருக்கிறார். வலி தாங்காமல் சுருண்டதும் கம்பெனி வண்டியில் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நான் பர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம். கழுத்தில் மெல்லிய செயினில் சிலுவை. குடல்வால் நன்றாக வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவும், அப்புறம் உயிருக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் அவசரமாகச் சம்மதக் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். கட்டிலில் படுத்திருந்தவர் மட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"விளக்கு வெக்கறதுக்குள்ள ஊருக்குப் போயிடலாங்களா மேடம்?"

டாக்டரம்மா ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நான் காப்புக் கதையைச் சொன்னேன். சாமி கும்பிட வேண்டாம் என்று தான் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை, ஆனால் அப்பெண்டிக்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியாது என்றார். இவர் ஊசி, மாத்திரை, குளுக்கோஸ் எது வேண்டுமானாலும் போடுங்கள், ராத்திரி மட்டும் ஊரில் படுத்துக்கொண்டு காலையில் முதல் ஆளாக வந்துவிடுகிறேன் என்று பேரம் பேசினார். அதுவரை சுத்தத் தமிழில் பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்குத் தாமிரபரணி பொங்கிவிட்டது.

"போற வழியில வெடிச்சிருச்சுன்னா என்ன செய்வீய?"

அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் எடுப்பது அவர்கள் வழக்கம். கத்தரிக்கோலைக் கண்டதும் இவர் வலது கையை முதுகுக்கு அடியில் திணித்துக்கொண்டு புரண்டு படுத்தார். அத்தனை வலியோடு ஒரு ஆள் அவ்வளவு வேகமாகப் புரள முடியும் என்று நர்ஸே எதிர்பார்க்கவில்லை.

நான் திட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். பிரமோஷனுக்காக உயிரை விடுகிற முதல் ஆள் நீங்கள்தான் என்றேன். தீச்சட்டி எடுக்கிறவருக்கு இத்தனூண்டு கத்திக்குப் பயம் என்றேன். போன வருஷத்து டீயையும் மறக்காமல் இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் திட்டுவதை விட்டுவிட்டுத் துடைத்துவிட்டேன்.

வேறு வழி தெரியாமல் வராந்தாவுக்கு வந்து பூசாரிக்குப் போன் போட்டேன். எனக்கு அவர் மாமா முறை. ஊரில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை, அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் குடல்வால் விவகாரத்தைக் கத்திச் சொன்னேன். வராந்தா முழுவதற்கும் எங்கள் வீட்டு வயிற்று வலி தெரிந்தது. எப்படியாவது காப்பை அவிழ்க்க அனுமதி கொடுங்கள் மாமா என்று கெஞ்சினேன்.

"அவுக்கறதுக்கில்லம்மா," என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். "அவன் வேண்டுதலு உனக்காவம்மா. போன வருசம் உனக்குக் கட்டி வந்துச்சே, அப்ப அந்த ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டே எனக்குப் போன் பண்ணி அழுதான். அவளுக்கு ஒண்ணுமில்லன்னு வந்துட்டா சட்டி எடுக்கறேன்னு. அவன் எப்புடி அவுப்பான்?"

மைக் செட்டில் பாட்டு மாறியது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். அன்றைக்குச் செல்போனும் கையுமாக நின்றவர் பூசாரியிடம்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. கூடவே, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருஷத்துச் சண்டை மிச்சமாகியிருக்குமே என்ற ஆத்திரமும் வந்தது.

பூசாரி போனை வைக்கவில்லை. நல்ல மனுஷன். ஒரு வழி இருக்கிறது என்றார். காப்பு கட்டிய பையன்களில் யாருக்காவது தட்ட முடியாமல் நைட் ஷிஃப்ட் விழுந்துவிட்டால், எல்லைக்கல் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். மண் கூட இருக்கிற வரைக்கும் ஆள் எல்லைக்குள் இருக்கிற கணக்கு. அம்மனிடம் கேட்டு எப்போதோ வாங்கிய உத்தரவு அது. கம்பெனி லாக்கர்களில் எங்கள் ஊர் எல்லை எத்தனை இடத்தில் கிடக்கிறதோ தெரியாது. ஆனால் மண் கூடவே இருக்க வேண்டும், அவன் ஒரு அறையில் மண் ஒரு அறையில் என்றால் செல்லாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டேன். இதோ வந்துவிட்டேன் அண்ணி என்றான். சொன்னபடி மூன்று மணிக்குள் வந்தும் விட்டான். ஒரு பிடி கேட்டதற்கு உர மூட்டைப் பையில் அரை மூட்டை அள்ளி வந்திருந்தான். வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு, செடி வைக்கவா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லி உள்ளே கொண்டுவந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் படுத்தபடியே பைக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். விரலில் தேய்த்தார், முகர்ந்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கண் வீங்கியிருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கையெழுத்துப் போடறேன்," என்றார்.

அடுத்த மல்லுக்கட்டு டாக்டரம்மாவோடு. மண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக வேண்டும் என்றதும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மண்ணில் என்னென்ன கிருமி இருக்கும் என்று ஒரு வகுப்பே எடுத்தார். இது சாமி மண்ணுங்க மேடம் என்றார் இவர். சாமி மண்ணிலும் டெட்டனஸ் இருக்கும் என்றார் அவர். இரண்டு பேரும் சற்று நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு டாக்டரம்மா தன் சிலுவையைத் தொட்டபடி ஏதோ யோசித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். ஒரு ஸ்பூன் மண்ணைப் பாக்கெட்டில் போட்டு ஒட்டி, கத்தி கத்தரிக்கோலை எல்லாம் வேகவைக்கிற ஆட்டோகிளேவில், அவற்றோடு சேர்க்காமல் தனியாக வேகவைத்துக் கொண்டுவரச் சொன்னார். அதைக் கட்டிலின் கால்மாட்டில் ஒட்டி வைப்போம், தொடவோ பிரிக்கவோ கூடாது, காப்பின் மேல் பிளாஸ்திரி சுற்றிவிடலாம், இதற்கு மேல் ஒரு அங்குலம் கூட இறங்கி வர மாட்டேன் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் ஹீட் ட்ரீட்மென்ட் ஆள். சூடு என்று காதில் விழுந்ததும் வயிற்று வலியை மறந்து நிமிர்ந்தார். எத்தனை டிகிரி என்று நர்ஸைக் கேட்டார். நூற்றுச் சொச்சம் என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு இளக்காரம் வந்தது. எங்கள் உலை எண்ணூறுக்கு மேல் போகும், இதெல்லாம் வெந்நீர் வைக்கிற சூடு என்றார். எவ்வளவு நேரம் வைப்பீர்கள் என்று கேட்டார். வெளியே எடுத்ததும் எண்ணெயில் முக்குவீர்களா, காற்றில் ஆற விடுவீர்களா என்று கேட்டார். அந்தப் பெண் பாவம், அவளுக்கு யாரும் இப்படிப் பரீட்சை வைத்ததில்லை. கடைசியில் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"சூடு வெச்சா எதுவும் கெட்டுப் போவாது. பலம்தான் ஏறும்."

இதற்குள் மணி மூன்று தாண்டிவிட்டது. காலை பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டிருப்பதால் ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால்தான் மயக்கம் கொடுக்க முடியும் என்றார்கள். அப்படியென்றால் நான்கு மணிக்கு ஆரம்பிக்கலாமே என்று நான் கணக்குப் போட்டுக் கேட்டேன். மயக்க மருந்து டாக்டர் வயதானவர், நெற்றியில் விபூதிக் கீற்று. தியேட்டர் தயாராக வேண்டும், நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம் என்பது எனக்குத் தெரியாதா? மண்ணை உள்ளே விட இத்தனை நேரம் சட்டம் பேசிய ஆஸ்பத்திரி, ராகுவை வாசலில் நிற்க வைத்து மரியாதை செய்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கத்தியும் மயக்க மருந்தும் அவர்கள் கையில் இருக்கும்போது தர்க்கம் பேசுகிறவள் முட்டாள்.

நாலரை தாண்டியதும் தள்ளிக்கொண்டு போனார்கள். மிச்ச மண் மூட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் காத்திருக்கிற கூடத்துக்கு இழுத்து வந்து என் காலடியில் வைத்துக்கொண்டேன். கொழுந்தன் போன் பேசுகிற சாக்கில் வெளியே நழுவினான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் பிள்ளையார் படத்துக்கு விளக்குப் பொருத்தினாள். விளக்கு வைக்கிற நேரம். எங்கள் ஆள் எல்லைக்கு வெளியே, வயிறு திறந்து கிடந்தார்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பாதம் இரண்டையும் அந்த மண் மூட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். மண் சில்லென்று இருந்தது. தரை துடைக்கிற அம்மா மாப்போடு வந்து, மண் சிந்துகிறது, எடுத்து வெளியே கொட்டிவிடட்டுமா என்று பையில் கை வைத்தார். தொட்டால் நடக்கிறதே வேறு என்று நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மா மாப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். எடுத்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். உங்க மண்ணும் கால்மாட்டுல இருந்துச்சு. எது வேலை செஞ்சுதுன்னு என்கிட்ட கேக்காதீங்க," என்றார். "தையல் மட்டும் நல்லாப் போட்டிருக்கேன்."

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் தெளிவாகப் பேசினார். முதலில் கேட்டது பாக்கெட்டை. நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த டேப்பில், நன்றாக வெந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கறுப்புக் கோடுகள் எழும்பியிருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டையை விரலால் சுட்டி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"இது நம்மூரு மண்ணு இல்ல."

எனக்குப் புரியவில்லை. எல்லைக்கல் ஏரியை ஒட்டி இருக்கிறது, அங்கே கறுப்பு வண்டல், இது லே-அவுட் போடக் கொட்டுகிற செம்மண் என்று விளக்கினார். நான் உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது அதட்டலிலேயே உண்மை வந்துவிட்டது. நான் கூப்பிட்டபோது அவன் ஊரிலேயே இல்லை. மத்திகிரியில் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்திருக்கிறான். ஊருக்குப் போய்த் திரும்ப நேரமாகும், அண்ணனுக்கு வெடித்துவிடும் என்று பயந்து, பக்கத்தில் புதிதாக மனை பிரித்துப் போட்டிருந்த இடத்தில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். இத்தனை வருஷம் மயிரிழை பிசகினாலும் ரிஜெக்ட் போட்டவள் நான். ரியல் எஸ்டேட் மண்ணுக்குப் பாஸ் போட்டு, அதில் காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். பார்த்ததுமே தெரிந்ததா என்று கேட்டேன். தெரிந்தது என்றார்.

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வழக்கம்போல் பதில் வராது என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு கட்டுன காப்பு," என்றார். "அதையே வெச்சு உன்னை அழ வெச்சிக்கிட்டு இருந்தேன். ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். நீ அழுதது போதும்னு தோணுச்சு."

அவருக்கே அவ்வளவு பேசியது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டீ குடிச்சியா?" என்றார். போன வருஷத்து டீயை அன்றைக்கு மன்னித்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் ஊருக்குப் போகும்போது ஏரிக்கரையில் எல்லைக்கல் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூட்டையை இறக்கி, செம்மண்ணைக் கல்லின் அடியில் கொட்டிக் காலால் பரப்பிவிட்டேன். இனிமேல் அதுவும் எங்கள் ஊர் எல்லை மண்தான், எவனும் ரிஜெக்ட் போட முடியாது. பூசாரியிடம் சொல்லாதே என்று அவர் ஆட்டோவுக்குள்ளிருந்தே சொன்னார். தீச்சட்டி அடுத்த வருஷம் என்று பூசாரி தெலுங்கில் அம்மனிடம் வாய்தா வாங்கினார். அம்மன் எதுவும் சொல்லவில்லை.

வெந்த மண்ணை மட்டும் அவர் கொட்ட விடவில்லை. மத்திகிரி வீட்டில் சாமி அலமாரியில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் கோடு போட்ட டேப்போடு அந்தப் பாக்கெட் இருக்கிறது. அவர் தினமும் கும்பிடுகிறார். நான் அதையெல்லாம் கும்பிடுவதில்லை. தூசி மட்டும் தட்டுகிறேன். குளித்துவிட்டு வந்து, தினமும் தட்டுகிறேன்.